லேசா ஒரு கிள்ளு

பார்லர் அக்கா எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். மருந்துக்கடைக்கு மேலே, படியேறினதும் வலதுபக்கம் ஒரே அறை. இரண்டு சுழல் நாற்காலி, சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, மூலையில் தலை அலச ஒரு தொட்டி. நூலின் ஒரு முனையை வாயில் கடித்துக்கொண்டு அவள் புருவத்தின் மேல் குனிந்தால், எப்பேர்ப்பட்ட ஜம்பக்காரியும் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு கிடப்பாள். "அவ்வளவுதான், அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். பாதிப் புருவம்கூட முடிந்திருக்காது, அது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரே பெண். கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் மைனா. கேட்டதை, கேட்ட குரலிலேயே அப்படியே திருப்பிச் சொல்லுவாள். சொந்தமாக ஒரு வார்த்தை கிடையாது. பசித்தால் பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது, "சாப்பிட்டியாடி கழுதை?" என்று அம்மா குரலில் அம்மாவையே கேட்பாள். யார் முகத்தையும் நேருக்கு நேர் பார்க்கவும் மாட்டாள். ஆனால் கண்ணாடிக்குள் பார்ப்பாள். நாற்காலியில் இருக்கிறவளைக் கண்ணாடி வழியாகக் கண்ணுக்குக் கண் பார்த்து, போன வாரம் வேறொருத்தி பேசினதை எடுத்து விடுவாள். ஒரு மருமகள் கொட்டித் தீர்த்ததையெல்லாம் அவள் மாமியாரிடமே ஒருநாள் ஒப்பித்து வைத்தாள். மாமியார், மருமகள் இரண்டு பேருமே அதற்கப்புறம் படியேறவில்லை. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போனது. "போனா போகட்டும். அந்தப் புருவத்தை வேற எவ தொடுவா?"

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, "எங்க வம்சத்துலயே இது கிடையாது" என்று புருஷன் கையை உதறிவிட்டான். அவன் வம்சத்தில் வேறு என்னென்ன கிடையாது என்று உட்கார்ந்து சொன்னால் பொழுது போதாது. ரோஷம் கிடையாது, பொறுப்பு கிடையாது, பெற்ற பெண்ணுக்குப் போன் போட விரல் கிடையாது. வெளியூரில் வேலை என்று போனவன் போனவன்தான்.

மைனாவுக்கு அரசாங்கத்திலிருந்து மாசாமாசம் ஒரு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அது அப்படியே பள்ளிக்கூடத்தில் மைனாவின் பக்கத்தில் உட்காருகிற துணையம்மாவுக்குப் போய்விடும். துணைக்கு ஆள் இருந்தால் பெண் இருக்கலாம், இல்லாவிட்டால் வீட்டோடு வைத்துக்கொள் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தாள். அந்தத் துணையம்மா புண்ணியத்தில்தான் மைனா தன் செருப்பைத் தானே மாட்டக் கற்றுக்கொண்டாள். யாராவது சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரளுகிறவள், வரிசையில் நிற்கப் பழகினாள். அக்காவுக்கு வாழ்க்கையில் நல்லது நடந்தது என்று ஒன்று இருந்தால், அது அந்தப் பள்ளிக்கூடம்தான்.

அந்த உதவித்தொகைக்குக் கெடு உண்டு. கெடு முடிந்ததும் பிள்ளையை அரசாங்க டாக்டர்களிடம் கூட்டிக்கொண்டு போய், இன்னும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். என்ன மூளை பாருங்கள்! ஆட்டிசம் என்ன ஜலதோஷமா, ஆவி பிடித்ததும் இறங்கிப் போக? இதைச் சட்டமாக எழுதினவனுக்குச் சம்பளமும் கொடுத்து, ரிட்டையர் ஆனதும் பென்ஷனும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவனை யாரும் கூப்பிட்டு, மூளை இன்னும் இருக்கிறதா என்று பார்க்கப்போவதில்லை.

அப்படிக் காட்டப் போன அன்றைக்குத் துணைக்கு வருகிறேன் என்று அக்காவின் அண்ணன் ஆட்டோவில் தொற்றிக்கொண்டான். இன்ஷூரன்ஸ் விற்கிறவன். ஊருக்கெல்லாம் யோசனை சொல்வதால் தெருவில் அவனுக்கு 'ஐடியா' என்று பெயர். அவன் யோசனை கேட்டு உருப்பட்டவர் இதுவரை கண்ணில் படவில்லை.

"இங்க பாரு," என்று ஆரம்பித்தான். "உள்ள போய் பொண்ணு சமத்தா உட்கார்ந்துட்டா காரியம் கெட்டுது. லேசா ஒரு கிள்ளு கிள்ளு. கத்தட்டும். டாக்டர் பயந்து எழுதிக் குடுத்துடுவான்."

"யாரைக் கிள்ளச் சொல்றே? வாயைக் கழுவு."

"எல்லாரும் அதான் பண்றாங்க. நான் என்ன கொலையா பண்ணச் சொன்னேன்? லேசா ஒரு கிள்ளு. கத்தட்டும்."

"அண்ணே, இன்னொரு தடவை சொன்னேன்னு வையி, நடுரோட்டுல இறக்கி விட்டுருவேன்."

இறக்கி விட்டிருக்கலாம். மைனா இரண்டு பேருக்கும் நடுவில், டிரைவர் தலைக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் மாமன் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அலுவலகத்து நடையில் பெஞ்சு முழுக்கப் பிள்ளைகளும் அம்மாக்களும். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டது. இந்தச் சத்தம் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பதுகூட ஒரு பயலுக்குத் தோன்றவில்லை. இவர்களுக்கு முன்னால் போன பையன் உள்ளே ஓவென்று அலறினது வெளியே கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவன் அம்மா வந்தாள். காரியம் முடிந்த முகம். பையனின் தொடையில் ஒரு இடம் சிவந்து கிடந்தது. அவள் தலை நிமிராமல் படியிறங்கிப் போனாள். "பார்த்தியா?" என்று அண்ணன் முழங்கையால் இடித்தான். அக்காவுக்கு அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. அவளை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தினவர்களை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

உள்ளே மூன்று டாக்டர் இருக்க வேண்டும். மனநல டாக்டர் லீவு. குழந்தை டாக்டருக்கு வேறெங்கோ கூட்டம். மிச்சம் எலும்பு டாக்டர். அவர் ஒரு கையில் போனை உருட்டிக்கொண்டே மைனாவின் முட்டியை இன்னொரு கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"கை கால் நல்லாத்தானே இருக்கு?"

"அது எனக்கும் தெரியும் சார். இது ஆட்டிசம்."

"ம்ம்," என்றார், போனைப் பார்த்து.

மைனா நாற்காலியிலிருந்து இறங்கினாள். சுவரோரம் கை கழுவுகிற தொட்டி, அதற்கு மேலே ஒரு கண்ணாடி. நேராக அதன் முன்னால் போய் நின்றாள். கண்ணாடிக்குள் டாக்டர் முகம் இருந்தது. அவர் கண்ணை நன்றாகப் பார்த்து, ஒரு சிரிப்புச் சிரித்து, மாமனின் கட்டைக் குரலில் கணீரென்று சொன்னாள்:

"லேசா ஒரு கிள்ளு கிள்ளு. கத்தட்டும். டாக்டர் பயந்து எழுதிக் குடுத்துடுவான்."

போன் உருளுவது நின்றது.

"ஓஹோ," என்றார் டாக்டர். "வீட்டுலயே ஒத்திகை பார்த்துட்டு வந்திருக்கீங்களா? ஏம்மா, பெத்த புள்ளையைக் கிள்ளுறதுக்கு வெட்கமா இல்ல உனக்கு?"

அக்கா, எவளையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறவள், திக்கித் திக்கிப் பேசினாள். "சார், அது அவ பேச்சில்ல. எங்க அண்ணன் ஆட்டோல உளறினது. கேட்டதைத் திருப்பிச் சொல்றதுதான் சார் அவளுக்கு இருக்கிறதே. பழைய சர்டிபிகேட்டுல முதல் வரியே அதான். கண்ணாடியில மட்டும்தான் பார்ப்பா. நீங்க எழுந்து வந்து, நேரா நின்னு ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க சார். ஒரே ஒரு தடவை."

மேஜையிலிருந்து அந்தத் தொட்டிக்கு நாலு எட்டுகூட இருக்காது. அவர் எழுந்திருக்கவில்லை. "எனக்கே பாடம் நடத்துறியா?" என்றார். பேனாவை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். "முழு வாக்கியமாகப் பேசுகிறாள். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள்."

சீக்கு என்னவென்று மணியடித்த மாதிரி கண்ணெதிரே சொன்ன பிள்ளையை, சீக்கு இல்லை என்று எழுதுகிறான் மனுஷன்! படித்த படிப்பெல்லாம் எந்த எலும்புக்குள் போய் ஒளிந்துகொண்டதோ.

மைனா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அரைக்கைச் சட்டைக்குக் கீழே அவள் கை வழவழவென்று தெரிந்தது. இப்போதுகூடக் கெட்டுப்போகவில்லை. ஒரு கிள்ளு கிள்ளினால் போதும். பெண் தரையில் விழுந்து புரளுவாள், மேஜை ஆடும், இந்த ஆள் பேனாவைப் போட்டுவிட்டு அலறியடித்துக்கொண்டு எழுந்திருப்பார், எழுதினதை அடிப்பார். அக்காவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தன்னால் ஒன்று சேர்ந்தன. மைனா அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்ள வந்தாள். பிடித்துக்கொண்டாள்.

"நல்ல முன்னேற்றம். உதவி தேவையில்லை," என்று எழுதி முடித்தார் டாக்டர். "சந்தோஷப்படும்மா. எத்தனை பேருக்கு இந்த பாக்கியம் கிடைக்கும்?"

"உங்க வாய் முகூர்த்தம், சார்," என்றாள் அக்கா. "உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கும் உங்களை மாதிரியே ஒரு டாக்டர் கிடைக்கட்டும்." அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை.

நடையில் அண்ணன் ஓடி வந்தான். "என்ன ஆச்சு?"

சொன்னாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? கிள்ளுடி, கிள்ளுடின்னு! என் பேச்சை என்னைக்கு நீ கேட்டிருக்கே?"

அக்கா அண்ணனின் புஜத்தில் சதையாகப் பார்த்து, இத்தனை வருஷத் தொழில் பழக்கத்தையெல்லாம் விரலில் கொண்டுவந்து, ஒரு கிள்ளு கிள்ளித் திருகினாள். அவன் போட்ட கூச்சலில் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

"கத்துண்ணே. நல்லா கத்து. டாக்டர் பயந்து உனக்கு எழுதிக் குடுத்துடுவார்."

அப்புறம்தான் அவளுக்குப் பகீரென்றது. இப்படி ஒரு சத்தம் கேட்டால் மைனா தாங்க மாட்டாளே! திரும்பிப் பார்த்தாள். மைனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். தரையில் விழவில்லை. வாசல் கதவின் கண்ணாடியில் மாமனின் முகம் தெரிந்தது. கண்ணில் தண்ணீரோடு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மைனா அதையே பார்த்தாள். ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள்.

"அவ்வளவுதான், அவ்வளவுதான்," என்றாள், அம்மாவின் குரலில், மெதுவாக. "முடிஞ்சிடுச்சு."

இதுதான் முன்னேற்றம். உதவித்தொகையில் வந்த முன்னேற்றம். இதை எழுத வேண்டிய ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளையின் முட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதாள், நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல்.

படியிறங்குகிற இடத்தில் மைனா உட்கார்ந்து, கழன்றிருந்த செருப்பைத் தானே மாட்டிக்கொண்டாள். மாட்டிவிட்டுத் துணையம்மாவின் குரலில், "சமத்து! நாளைக்கும் இதே மாதிரி வரணும், என்ன?" என்றாள். நாளையிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது என்பதை அவளுக்கு எந்தக் குரலில் சொல்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.