அக்கா வரும்வரை

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று இங்கே அமெரிக்காவில் வேறு மாநிலத்தில் சார்ஜென்ட்டாக இருக்கும் என் மைத்துனியைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். அவளுக்கு நேரமில்லை. அவள் அக்காவான என் மனைவிக்குப் பொறுமையில்லை.

எங்கள் மாவட்டத்தில் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்கிய முதல் பெண்களில் அவள் ஒருத்தி. கோல் கீப்பர். நின்ற இடத்திலிருந்து கத்தியே மற்ற பத்துப் பேரையும் ஆட்டுவிப்பாள். பார்க்கத்தான் ஆள் இருக்காது. கல்யாணமாகி டெக்சாஸ் வந்தாள். அது முறிந்ததும் அதே டெக்சாஸில், ஆலன் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏதோ ஆபீஸ் வேலை தேடுகிறாள் என்று நினைத்திருந்தோம். ஒருநாள் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்துவிட்டு வந்து நின்றாள்.

"பந்து புடிச்சதுக்கே ஊர் வாய மூட முடியல. இப்ப ஆர்மியாடி? போனா என்கிட்ட பேசாத!" என்றாள் என் மனைவி.

அவள் போனாள். பயிற்சிக் காலம் முழுக்க இவள் போனை எடுக்கவில்லை.

பயிற்சி முடிந்து குடும்பத்தார் போய்ப் பார்க்கும் நாள் வந்தது. மனைவி காரில் கூடவே வந்தாள். அங்கே போய் இறங்க மறுத்துவிட்டாள். மைதானத்தில் புது வீரர்கள் வரிசையாக, அசையாமல் நின்றிருந்தார்கள். பயிற்சி கொடுத்த சார்ஜென்ட் பக்கத்தில் நின்றிருந்தார். வீட்டார் யாராவது வந்து தோளைத் தொட்டால்தான் அவர்கள் அசையலாம். அங்கே அது வழக்கம். அம்மாக்களும் அப்பாக்களும் ஓடினார்கள். நானும் போய்க் கையைத் தூக்கினேன்.

"மாமா, தொடாதீங்க. அக்கா வரட்டும்," என்றாள், உதடு அசையாமல்.

"அவ காரை விட்டு எறங்க மாட்டேங்கிறாம்மா."

"நான் நிப்பேன்."

மற்றவர்கள் அழுது, கட்டிப்பிடித்து, ஓரமாகப் போய்விட்டார்கள். வெயிலில் அவள் மட்டும் நின்றாள். நான் காருக்கு ஓடினேன். மனைவியிடம் அதுவரை குரல் உயர்த்தியதில்லை. அன்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன்.

"எல்லாரும் போயாச்சு! உன் தங்கச்சி உனக்காகத்தான் நிக்கிறா. நான் தொடமாட்டேன்!"

கதவைத் திறந்தவள் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று கழன்று போனது. போனவள் தோளைத் தொடவில்லை, ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"ஏண்டி, சோறு போடறாங்களா இல்லையா? இப்படி எலும்பா நிக்கிற!"

"அக்கா, நீ அடிச்சதப் பாத்து சார்ஜென்ட்டே பின்னால போயிட்டாரு!"

அந்த சார்ஜென்ட்தான் முதலில் கை தட்டினார். பிறகு ஓரத்தில் நின்ற குடும்பங்கள் எல்லாம் தட்டின. சம்பளத்துக்கு அவள் ஆடிய எந்த ஆட்டத்திலும் அவளுக்கு இத்தனை பேர் கை தட்டி நான் பார்த்ததில்லை.

மறுநாள் அணிவகுப்பு நடந்தது. மதியம் அவளை அடுத்த முகாமுக்குப் பஸ்ஸில் அனுப்பினார்கள். நாங்கள் ஆலன் திரும்பினோம்.