குரல்: விக்ரோரியா

ரோல்ஸ் பொரித்துத் தந்த கடையின் பெயர்கூடப் படத்தின் முடிவில் வந்தது. விக்ரோரியாவின் பெயர் வரவில்லை.

டென்மார்க்கின் சில்க்போர்க் நகர மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன. "நிலுஷாவின்ர தமிழ் என்ன வடிவு! இஞ்ச பிறந்த பிள்ளையே இது?" என்று முன்வரிசையில் ஒருவர் வியந்தார். கதாநாயகி நிலுஷா தலையைக் குனிந்து சிரித்தாள். அவளுக்கு வாயில் வருவது டேனிஷ்தான். படம் முழுக்கக் கேட்ட தமிழ் விக்ரோரியா பேசியது.

விக்ரோரியா இருபத்திரண்டு வருடங்களாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஆரோடும் அதிகம் கதைக்க மாட்டாள். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கும்போதுதான் இப்படியொரு குரல் அவளிடம் இருப்பது சனத்துக்குத் தெரியும். படம் எடுத்த அனுஷனும் அதைக் கேட்டுத்தான் அவளைத் தேடி வந்தான். பதினொரு சனிக்கிழமைகள், எதிரொலி வராமல் இருக்க, குளிர் ஜக்கெற்றுகள் தொங்கிய அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, கைபேசியில் நிலுஷாவின் உதடுகளைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். வியர்த்து வடியும். ஒரு நாளும் முறையிட்டதில்லை.

அடுத்த வாரம் அனுஷன் மடிக்கணினியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். டோஸ்ட்ருப் நகரிலும் படம் போடப் போகிறார்களாம். அழுகைக் காட்சியின் ஒலி பழுதாம்.

"ஒருக்காப் பேசித் தாங்கோ அக்கா."

"என்ர பேர் எங்க?"

"நீங்கள் எங்கட ஆள். எங்கட ஆக்களுக்கு ஆரும் நன்றி போடுறவையே?"

"அப்ப ரோல்ஸ் கடைக்காரர் ஆரின்ர ஆள்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"நிலுஷாவின்ர அம்மா கோவிப்பா அக்கா. பிள்ளைக்குத் தமிழ் தெரியாதெண்டு சனம் கதைக்கும்."

"தெரியாதுதானே! தெரிஞ்சால் அவளையே அழச் சொல்லு."

இவ்வளவு சத்தமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. கதவைச் சாத்தப் போனாள்.

"சரி சரி, போடுறன்."

"இப்ப. எனக்கு முன்னால."

சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, 'குரல்: விக்ரோரியா' என்று அனுஷன் எழுதினான். கடைசி வரியில், மண்டபம் கூட்டியவர்களுக்கும் கீழே.

"மேல ஏத்து."

ஏற்றினான்.

"இன்னும் மேல. நிலுஷாவுக்குக் கீழ."

அவன் பெருமூச்சு விட்டபடி ஏற்றினான். அவள் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்த பிறகே அலுமாரியைத் திறந்தாள்.

'என்னை விட்டிட்டுப் போகாதே' என்பதுதான் வசனம். அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, இது அழுற இடம்."

"இண்டைக்கு இப்பிடித்தான் வரும்."

அனுஷன் அதையே எடுத்துக்கொண்டு போனான்.