நன்றியுரை முடிந்தால்தான் கையெழுத்து

சின்ன வயதில் நான் வாங்கிய திட்டில் பாதி வேடிக்கை பார்த்ததற்காக. சந்தைக்குப் போனால் வேடிக்கை, கல்யாணத்துக்குப் போனால் வேடிக்கை, பக்கத்து வீட்டில் சண்டை என்றால் தட்டில் சோறு காய்ந்தாலும் வேடிக்கை. "வாயப் பொளந்துகிட்டு நிக்காத, வா" என்று அம்மா என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவாள். அப்படித் திட்டு வாங்கிய என்னிடம், வேடிக்கை பார்ப்பதற்கு மார்க் உண்டு என்று ஒரு கல்லூரியே சொன்னால் எப்படி இருக்கும்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெரம்பலூரில் சமூகவியல் கடைசி வருடம். அதில் ஒரு தாளுக்குப் பரீட்சை கிடையாது. கல்லூரியில் நடக்கும் சொற்பொழிவு, பரதநாட்டியம், பொங்கல் விழா என்று ஐந்து நிகழ்ச்சிகளில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். பாடம் எடுத்த மேடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"மேடையப் பாக்க நிறைய பேர் இருக்காங்க. நீங்க கூட்டத்தப் பாருங்க. யாரு எங்க உக்கார்றாங்க, எப்ப கைதட்டுறாங்க, எப்ப எழுந்து போறாங்க. அதுதாம்மா சோசியாலஜி."

இதை வீட்டில் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் ஊர் தா.பழூர் பக்கம். தெருவில் ஏற்கெனவே சோசியாலஜி என்பது சோசியமாகிவிட்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கையை நீட்டிக்கொண்டே வந்து, "எம்மவனுக்கு எப்ப பொண்ணு அமையும்னு பாத்துச் சொல்லு பாப்பா" என்றார். இன்னும் அந்தப் பாடம் எடுக்கவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். அப்பா ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் பிரிவில் வேலை செய்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வேடிக்க பாக்கவா ஒன்ன பஸ்ஸேத்தி அனுப்புறேன்?"

அந்த பஸ்தான் சிக்கல். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அங்கிருந்து ஒரு பஸ் பிடித்து அரியலூர், அரியலூரில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் கடைசி பஸ். முதல் பஸ்ஸை விட்டால் இரண்டாவதும் போச்சு. நிகழ்ச்சிகளோ நாலு மணி என்று அழைப்பிதழில் போட்டால் ஐந்து மணிக்குத்தான் குத்துவிளக்கைத் துடைக்கவே ஆரம்பிப்பார்கள். சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ சரியாக விழவில்லை என்று அதே பொன்னாடையை இன்னொரு தடவை போர்த்தி, அப்புறம்தான் பேச்சு.

இதில் பையன்கள் பாதியில் டீக்கடைக்கு நழுவுகிறார்கள் என்பதற்காக மேடம் ஒரு விதி வைத்தார். நன்றியுரை முடிந்த பிறகுதான் வருகைக் கையெழுத்து. நம் ஊர் நன்றியுரை தெரியும்தானே? முதல்வரில் ஆரம்பித்து, துறைத்தலைவர்களைத் தொட்டு, மைக்செட்காரருக்கு வந்து, முடிந்துவிட்டது என்று நாம் பையைத் தூக்கும்போது, "ஒருவரை மறந்துவிட்டேன்" என்று மறுபடி முதல்வரிடம் போகும். அந்த ஒருவரை நான் சபித்த சாபம் கொஞ்சமல்ல.

அதனால் வெளியூர்ப் பெண்கள் நாங்கள் எல்லோரும் கதவோரமாக, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்காருவோம். மேடம் இதையும் கவனித்து வகுப்பில் பேசினார். பொது இடங்களில் பெண்கள் வாசலுக்கு அருகில் அமர்வதற்குப் பாதுகாப்பு உணர்வு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி எழுதிக்கொண்டோம். இவ்வளவு அழகான காரணம் இருக்கும்போது, பஸ்ஸுக்கு ஓடத்தான் மேடம் என்று எப்படிச் சொல்வது?

நாலு நிகழ்ச்சிக்கு எப்படியோ விழுந்தடித்து ஓடிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஆனால் நாலாவது நாள் கடைசி பஸ் போய்விட்டது. அப்பா யாரிடமோ வண்டி இரவல் வாங்கிக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கியதும், "இனிமே சாயந்தரத்துல ஒரு புரோகிராமும் கெடயாது" என்றார்.

ஐந்தாவது இல்லாவிட்டால் அந்தத் தாள் அரியர். அரியர் இருந்தால் அந்த வருடம் எம்.ஏ.வுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒரு வருடம் வீட்டில் இருந்தால் எதிர்வீட்டு அக்காவே எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார். அழுதேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், அம்மாவைத் தூது விட்டேன். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். "சரி, அப்புடி என்னதான் நடக்குதுன்னு நானே வந்து பாக்குறேன். எனக்குச் சரின்னு பட்டாத்தான் மேல படிக்கிறதெல்லாம்."

அன்று அவருக்குக் காலை ஷிப்ட். வேலை முடிந்து ரெட்டிபாளையத்திலிருந்து நேராகக் கல்லூரிக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. சிமெண்ட் ஒட்டிய சட்டையோடு வந்து நின்று, அத்தனை பேருக்கு நடுவில் "பாப்பா" என்று கூப்பிட்டுவிட்டால்?

அன்றைய சொற்பொழிவு, தொழிற்சாலைகள் வந்த பிறகு மனிதர்களின் நேரம் எப்படி மாறியது என்பது பற்றி. பேசியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நான் வழக்கம்போல மேடைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசை சோபாவில் ஒருவர் குறட்டைக்கு முந்தைய நிலையில் இருந்தார். இரண்டாம் வரிசையில் ஆசிரியர்கள் மடியில் போனை மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசை மூலையில் யாரோ தயங்கித் தயங்கி வந்து உட்காருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அப்பா நடை. அதற்குப் பிறகு அந்த மூலைப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

ஆறு மணி தாண்டியது. கதவோரத்தில் எல்லோரும் பை வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தோம். பேராசிரியர் தண்ணீர் குடித்துவிட்டு, "அடுத்த பகுதிக்குப் போறதுக்கு முன்னாடி ஏதாவது கேள்வி இருந்தா கேளுங்க" என்றார். எங்கள் கல்லூரியில் யாரும் கேள்வி கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "ஐயா, ஒரு கேள்விங்க."

எனக்கு உயிர் போய் வந்தது.

"சொல்லுங்க சார்" என்றார் பேராசிரியர், மகிழ்ச்சியோடு.

"இது எத்தன மணிக்குங்க முடியும்? பொண்ணுக்குக் கடைசி பஸ்ஸு இருக்கு."

கூடமே அதிர்ந்து சிரித்தது. சோபாக்காரர் திடுக்கிட்டு விழித்துக் கைதட்டினார். பேராசிரியரும் சிரித்துவிட்டார். "நேரத்தப் பத்தி ஒரு மணி நேரமாப் பேசுறேன், நேரத்தப் பாக்கல பாருங்க" என்றார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து எங்கள் பக்கம் வந்து, "வேற யாருக்கெல்லாம் பஸ் இருக்கு?" என்று கேட்டார். கதவோரத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்தோம், கூடத்தில் பாதி காலியானது போல இருந்தது. மேடம் எங்கள் கையில் தயாராக இருந்த பைகளைப் பார்த்தார். பிறகு கையெழுத்துத் தாளை அங்கேயே நீட்டினார். நான் அவசரத்தில் என் பெயரைத் தப்பும் தவறுமாகக் கிறுக்கினேன்.

ஐந்தாவது கையெழுத்து கிடைத்துவிட்டது. ஆனாலும் எனக்குக் கோபம். மானத்தை வாங்கிவிட்டாரே என்று திரும்பிப் பார்க்காமல் முன்னால் வேகமாக நடந்தேன். அரியலூர் வரை பஸ்ஸில் நான் முன்பக்கம் நின்றேன், அவர் பின்பக்கம் நின்றார். கடைசி பஸ்ஸில்தான் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நல்லாத்தான் பேசுனாரு அந்த ஐயா" என்றார் அப்பா. "ஆலையில சங்கு ஊதுறதுக்கும் வூட்ல ஒல வைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு ஆரம்பிச்சாரு. முடிவு என்ன சொன்னாரோ, கேக்க முடியாமப் போச்சு. அடுத்தது எப்ப?"

"இனி எம்.ஏ. சேந்தாத்தான்" என்றேன் வீம்பாக.

"சேரு. யாரு வேணாம்னது?" சொல்லிவிட்டு லேசாக என் தோளை இடித்தார். "ஆமா, கூட்டத்தப் பாத்தாத்தான மார்க்குன்ன? நான் எந்திரிச்சப்ப கூட்டம் மொத்தமும் என்னயப் பாத்துச்சு. நீ மட்டும் தரையப் பாத்துக்கிட்டிருந்த. ஒனக்கு மார்க்கு போச்சு போ."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினேன். அன்றைக்கு அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான். சிமெண்ட் சட்டை இல்லை. பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, பஸ் கூட்டத்தில் நசுங்கியும் கையில் இஸ்திரி மடிப்பு நின்றது. தலையை நனைத்து வாரியிருந்தார்.

"இத எப்பப்பா மாத்துன?"

"காலையிலயே பையில மடிச்சி எடுத்துட்டுப் போனேன்" என்றார். "காலேசுக்குல்ல வரேன்."