ஒழுகவில்லை என்று எழுதிவிட்டார்கள்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பளிச்சக்கா என்றால்தான் தெரியும். பிளம்பர் வருகிறார் என்றால் அதற்கு முன்னாலேயே குழாயைத் தேய்த்து வைத்துவிடுவாள். ஃபேன் ரிப்பேருக்குப் போகிறது என்றால் இறக்கையைக் குளிப்பாட்டித்தான் கடைக்கு அனுப்புவாள். "நம்ம வீட்டு அழுக்கை அவன் எதுக்குப் பாக்கணும்?" என்பது அவள் கட்சி.

நாற்பத்தேழு வயது வரை காரில் உட்கார்ந்து போனதோடு சரி. புருஷன் எலெக்ட்ரீஷியன். இரண்டாவது மாடியிலிருந்து ஏணியோடு விழுந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று, வாய் மட்டும் பழையபடி இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாடகை வண்டிக்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் பார்க்காத மாதிரி போய்விடுவார்கள். ஒருநாள் கொட்டுகிற மழையில் முக்கால் மணி நேரம் நின்றாள். மறுநாளே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்விட்டாள்.

"இந்த வயசுல எதுக்குக்கா உங்களுக்கு?" என்றார் சொல்லிக்கொடுக்கிறவர்.

"உங்க வயசை நான் கேட்டேனா?"

இரண்டு மாதத்தில் லைசென்ஸ் கையில் இருந்தது. பழைய கார் ஒன்று வந்தது. நான்கு வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள். நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவில் வழவழப்பான பலகை ஒன்றைப் போட்டு, அவர் தோளுக்கடியில் கை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி உட்கார வைப்பாள். ஏற்ற நான்கு நிமிஷம், இறக்க ஐந்து நிமிஷம். எத்தனை அவசரமானாலும் அதற்குக் கீழே குறையாது.

இரண்டு மாதமாகக் காரில் ஏதோ தீய்கிற வாடை. யாரோ அடுப்பில் எதையோ மறந்துவிட்டார்கள் என்று போகிற வழியில் இருந்த வீடுகளை எல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினாள். அப்போதுதான் கார் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இந்த மாடலில் இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கட், அதாவது ரப்பர் அடைப்பு, சரியில்லையாம். அது வழியாக ஆயில் கசிந்து, சூடான புகைக்குழாய் மேல் சொட்டினால் தீப்பிடிக்கலாமாம். வண்டியைக் கொண்டுவந்தால் இலவசமாகப் பார்த்துத் தருவார்களாம். கடைசி வரியில், ஏற்படும் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.

"தீப்புடிக்கிறது இவங்களுக்கு அசௌகரியமாம்ங்க!"

"அசௌகரியம் உனக்குத்தான். நான் உக்காந்த இடத்துலயே வறுபட்டுடுவேன், எனக்கென்ன?" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்த பிறகு மூன்று வாரம் தள்ளி ஒரு நாள் கொடுத்தார்கள். அந்த மூன்று வாரமும் ஜன்னலை இறக்கிவிட்டு, மடியில் பெரிய கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஓட்டினாள். தீப்பிடித்தால் அவருடைய பெல்ட்டை அறுக்க.

அந்த நாள் காலையில் பானெட்டைத் திறந்தாள். உள்ளே கருகருவென்று பிசுக்கு. கடை ஆட்கள் முன்னால் இதை எப்படித் திறந்து காட்டுவது? சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், கிழிந்த பனியன் துணி, ஒரு மணி நேரம். ஒரு சொட்டு விடாமல் துடைத்து எடுத்துவிட்டாள்.

சர்வீஸ் சென்டரில் கழுத்தில் டை கட்டிய சூப்பர்வைசர் வண்டியை வாங்கிக்கொண்டு போனான். அரை மணியில் சிரித்த முகத்தோடு வந்தான்.

"மேடம், இன்ஜின் புதுசு மாதிரி இருக்கு. ஷோரூம் வண்டிகூட இப்படி இருக்காது."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பக்கத்தில் நாற்காலியில் இருந்த புருஷனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"லீக் எதுவும் இல்ல. லீக் இருந்தாத்தான் கேஸ்கட் மாத்துவோம். உங்க வண்டி ஓகேன்னு எழுதியாச்சு."

குளிர்ந்த உச்சி அப்படியே கொதித்தது.

"நான்தாங்க காலைல துடைச்சேன்."

"என்னது?"

"துடைச்சேன். சோப்புப் போட்டு."

"போலீஸ் வர்றதுக்குள்ள ரத்தத்தைக் கழுவி விட்டுட்டியே, மகராசி!" என்று நாற்காலியிலிருந்து தலையில் அடித்துக்கொண்டார் அவர்.

"நீங்க சும்மா இருங்க." சூப்பர்வைசரிடம் திரும்பினாள். "சரி, தப்பு என்னோடது. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி பாருங்க."

"சிஸ்டத்துல க்ளோஸ் ஆயிடுச்சு மேடம். லீக் ஆனா வாங்க."

"தீப்புடிச்சப்புறமா?"

"அப்படில்லாம் சட்டுன்னு புடிக்காது. வாடை வந்ததும் ஓரமா நிறுத்திட்டு இறங்கிடுங்க, அவ்வளவுதான்."

"யாரு இறங்குறது?" ஹாலே திரும்பிப் பார்த்தது. "இவரு இறங்குவாரா? கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு? வாங்க, வந்து பின்னாடி உக்காருங்க. மேட்டு ரோடு வரைக்கும் போயிட்டு வரலாம்."

"மேடம், கஸ்டமர்ஸ் வெயிட் பண்றாங்க..."

"நான் யாரு, உங்க அத்தையா? நானும் கஸ்டமர்தான். ஏறுங்க."

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்த வெட்கத்துக்காகவே, அவள் புருஷனை முன் சீட்டில் ஏற்றி முடித்ததும், அவன் பின்னால் ஏறினான்.

மேட்டு ரோட்டில் இரண்டாவது கியரில் இன்ஜின் முக்கிக்கொண்டு ஏறியது. இருபது நிமிஷத்தில் அந்த வாடை வந்தது. அடுத்த வளைவில் பானெட் ஓரத்திலிருந்து நீல நிறத்தில் மெல்லிசாகப் புகை. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் பின் கதவு திறந்திருந்தது. சூப்பர்வைசர் பத்தடி தள்ளி விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். முன் சீட்டில் அவள் புருஷன் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார், புகையைப் பார்த்துக்கொண்டு.

"அங்க என்ன வேடிக்கை? டிக்கியைத் தெறந்து நாற்காலியை எடுங்க!"

எடுத்தான். விரிக்கத் தெரியவில்லை.

"அந்தப் பக்கம் இல்ல! அழுத்துங்க! பலகையைக் குடுங்க. அவரைப் புடிங்க, தோளுக்குக் கீழ. சட்டையை இழுக்காதீங்க, ஆளைப் புடிங்க!"

ஒருவழியாக இறக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். நல்லவேளை, புகை தானாக அடங்கியது. அவள் கோபம் மட்டும் அடங்கவில்லை.

"வாடை வந்ததும் இறங்குங்கன்னீங்க. சொன்ன மாதிரியே இறங்கிட்டீங்க. இவரு இறங்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவன் வாட்சைப் பார்த்தான்.

"ஆறு நிமிஷம்," என்றார் புருஷன். "எப்பவும் அஞ்சுதான். தம்பி உதவி பண்ணினதால ஒண்ணு கூட."

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தூக்கி நிறுத்திப் பார்த்தால் புகைக்குழாய் மேல் ஈரமாக ஆயில் வழிந்த தடம். சிஸ்டம் மறுபடி திறந்துகொண்டது. அதெல்லாம் முடியாது என்றவர்களுக்கு எல்லாம் முடிந்தது. மூன்று மணிக்குள் புது கேஸ்கட் போட்டாயிற்று. சூப்பர்வைசர் பேனாவை நீட்டினான்.

"சைன் பண்ணிடுங்கக்கா."

காலையில் மேடம், இப்போது அக்கா. அவள் பேனாவை வாங்கவில்லை.

"இன்னைக்கு ஒழுகலைன்னு எத்தனை வண்டியை அனுப்பினீங்க?"

"மூணு."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்லக்கா."

"கழுவிட்டு வந்தாங்களான்னாவது கேட்டீங்களா?"

அவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

"அவங்க போன் நம்பர் இருக்குல்ல? போடுங்க. என் முன்னாடி போடுங்க."

போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது.

"எடுக்கலைக்கா."

"வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாங்க," என்றாள். "திரும்பப் போடுங்க."