நம்பி சித்தப்பா கொண்டுவந்த தண்ணீர்

நம்பி சித்தப்பா என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கல்யாணம் ஆகாதவர். மைசூர்க் கோட்டை ஓரத்தில் இருந்த எங்கள் உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம், விடிவதற்குள் குளித்து, ஈர வேட்டியோடு மடியாகக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். கூலி கிடையாது. முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாடு.

தெருவுக்குக் குழாய் வந்தபோது அவர் கவலைப்படவில்லை. குழாய்க்குள் மாட்டுத்தோல் வாஷர் இருக்கிறதென்று யாரும் அந்தத் தண்ணீரைச் சமையலுக்குத் தொடவில்லை. பிறகு மருமகள்கள் வந்தார்கள். வீடுகள் ஒவ்வொன்றாகக் குழாய்க்கு மாறின. கடைசியில் செலுவம்பா பெரியம்மா வீடு ஒன்றுதான் மிச்சம்.

ஒருநாள் அவர் குடத்தோடு போனபோது அங்கே தவலை ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

“நம்பி, இப்போ தோல் இல்லையாம்டா. ரப்பராம்,” என்றாள் பெரியம்மா.

“ரப்பர்னா என்ன மன்னி?”

“மரத்துப் பாலாம். மடத்துலேயே தோஷமில்லைன்னுட்டாளாம்.”

“பாலா? அப்போ காப்பிக்கும் அதையே விட்டுக்கலாமே.”

பெரியம்மா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

“இதை எங்கே கொட்ட?”

“மாட்டுத் தொட்டியிலே விடு.”

கவிழ்த்துவிட்டு வந்தார். பெரியம்மா இலை போட்டாள். அவர் எப்போதும்போலச் சாப்பிட்டார். நாளைக்கு வரட்டுமா என்று கேட்கவில்லை. வா என்று அவளும் சொல்லவில்லை. இலையை எடுத்துப் போட்டுவிட்டு, கை கழுவத் தெருக் குழாயடிக்குப் போனார்.