மைதா பொரித்த சட்டி

எனக்குக் கோதுமை ஆகாது என்று தெரிந்தபோது கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, பூச்சி மாத்திரை, சத்து டானிக் என்றே காலம் போனது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடலில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். "இதுக்கு சீலியாக்னு பேரு. மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது" என்றார் டாக்டரம்மா. சோறு தின்கிற ஊரில் இது ஒரு கஷ்டமா என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

கஷ்டம் அம்பத்தூர் எஸ்டேட்டில் காத்திருந்தது. மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் பிரிவில் எல்லோரும் பெண்கள். சாயங்காலம் டீயோடு சமோசா, பிஸ்கட், பப்ஸ் என்று ஏதாவது வரும். எல்லாமே மைதா. நான் வெறும் டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம்தான் சிப்ஸ் ஞாபகம் வந்தது. கிழங்கு, எண்ணெய், உப்பு. இதில் கோதுமை எங்கிருந்து வரும்?

வந்தது. மண்ணூர்பேட்டையில் நான் பஸ் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிப்ஸ் கடை. அங்கே வாங்கித் தின்ற போதெல்லாம் வயிறு பழையபடி புரட்டியது. பெட்டிக்கடையில் தொங்கிய பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'மசாலா' என்று ஒரே வார்த்தை. அந்த மசாலாவில் என்ன இருக்கிறது என்று யாரைப் போய்க் கேட்பது? கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதே டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கடைக்காரரிடமே கேட்டேன்.

"அண்ணே, இதுல கோதுமை மாவு ஏதாச்சும் சேக்குறீங்களா?"

"உருளக்கெயங்குல இன்னாத்துக்குமா கோதுமை? சுத்தமா கெயங்கு மட்டும்தான் கீது."

சொல்லிக்கொண்டே, பக்கத்துத் தட்டில் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்த மைதா பிஸ்கோத்தை அள்ளிச் சட்டியில் போட்டார். அது சிவந்ததும் அரித்தெடுத்துவிட்டு, அதே எண்ணெயில் கிழங்கைச் சீவ ஆரம்பித்தார். என் வயிற்றில் நடந்ததற்கெல்லாம் காரணம் கண்முன்னால் கொதித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு மட்டும் வேற சட்டியில, புது எண்ணெயில போட்டுத் தருவீங்களா? ஒரு கிலோவா வாங்கிக்கிறேன்."

அவர் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தனிச் சட்டியா? இன்னாமா, தீட்டு பாக்குறியா? ஊரே துன்னுது, உனுக்கு மட்டும் ஆவாதா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். என் அப்பா பூந்தமல்லிக்கு மேற்கே வயலில் கூலிக்குப் போனவர். பண்ணை வீட்டில் அவருக்குச் சொம்பு தரமாட்டார்கள்; குனிந்து கையேந்தித்தான் தண்ணீர் குடிப்பார். அவர் மகளைப் பார்த்து இந்தக் கேள்வி. பஸ்ஸில் வீடுவரை பல்லைக் கடித்துக்கொண்டே போனேன்.

அதே வாரம் கம்பெனியில் என் பக்கத்து இருக்கைக்காரி ஒரு டப்பா நிறைய சிப்ஸ் கொண்டுவந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, புருஷனுக்கு ஆவடி ஃபாக்டரியில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். "டீயோட ஒண்ணும் திங்க மாட்டேங்குறியே, உனக்காகத்தான் வீட்ல போட்டேன்" என்று நீட்டினாள்.

"எந்தச் சட்டியில பொரிச்சே?" என்றேன்.

அவள் முகம் மாறியது. "ஏன், எங்க வீட்டுச் சட்டி உனக்கு ஆகாதோ?"

"அவ யாரு கையாலயும் துன்ன மாட்டாடி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கையிலிருந்த கம்பியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

"எங்கப்பனுக்கு சொம்புல தண்ணி குடுக்காத ஊர்லேந்து வந்தவ நானு. நான் தீட்டு பாப்பனா? உங்க கை மேல எனக்கு இன்னா கீது? சட்டில மைதா பட்டிருந்தா என் கொடலு புண்ணாப்பூடும். அதுக்குக் கேக்குறேன். கேக்கறதே தப்புன்னா நான் இன்னாத்ததான் துன்றது?"

பக்கத்து இருக்கைக்காரி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியைப் போட்டு மூடினாள்.

"காலைல இதே எண்ணெயிலதான் பூரி சுட்டேன்" என்றாள். "இது உனக்கு வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை அவளே என் வீட்டுக்கு வந்தாள். மைதா படாத புதுச் சட்டியில் இருவருமாக நேந்திரங்காயும் உருளைக்கிழங்கும் பொரித்தோம். உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும். மிளகாய்கூடக் கோதுமை அரைக்கிற மில்லுக்குக் கொண்டுபோகாமல் நானே இடித்தது. வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னார்; கேட்டவளுக்குத் தீட்டுப் பட்டமும் கட்டினார். பாக்கெட் போட்டவர்களோ 'மசாலா' என்று எழுதியதோடு சரி; அந்தத் தப்புப் பதிலைக்கூடச் சொல்லவில்லை.