பொட்டு வைத்த இஞ்சின்

என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். அவளுடைய அண்ணன் நேரில் வந்து பார்த்து, சரி என்று சொல்லும்வரை அதில் நெருப்பு வைக்கக் கூடாது.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு நீராவி ரயில் இஞ்சின். பெரியது இல்லை. எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் வைத்தால் அடங்கிவிடும். ஆனால் அதைப் பொம்மை என்று சொல்ல எனக்கு மனசு வராது. தண்ணீர் ஊற்றி, கரி போட்டுப் பற்றவைத்தால் நீராவி உண்டாக வேண்டும். அந்த நீராவிதான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சின்ன வயதில் பொள்ளாச்சி ஸ்டேஷனில் நான் பார்த்த இஞ்சினுக்கு எது எது இருந்ததோ, அது அத்தனையும் இதற்கும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு பம்புப் பட்டறையில் லேத் ஓட்டினேன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். லீவு நாளில் கரண்ட் இருந்தால் அங்கேதான் இருப்பேன். பம்புக்குப் புஷ் போடுகிற கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் சிலிண்டர் கடைந்தேன். தெரிந்த ஒரு பவுண்டரியில் சக்கரம் வார்த்துக் கொடுத்தார்கள். பாய்லர் மட்டும் செம்பு. அதன் தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்து முடிப்பதற்குள் என் புருவம் பாதி கருகிவிட்டது.

பிள்ளைகளே, உங்கள் வீட்டு குக்கரில் மேலே ஒரு வெயிட் இருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே ஆவி அதிகமானால் அது எழும்பி ஆவியை வெளியே விடும். அது எழும்பாவிட்டால் குக்கர் வெடிக்கும். இஞ்சினின் தலையிலும் அப்படி ஒன்று உண்டு. சேஃப்டி வால்வு என்போம். நான் செய்தது பித்தளையில், சுண்டுவிரல் தடிமனில், உச்சியில் ஒரு சின்ன ஓட்டையோடு இருக்கும். அந்த ஓட்டை வழியாக ஆவி சீறிக்கொண்டு வர வேண்டும்.

என் மனைவிக்கு இதெல்லாம் சொல்லியும் பயம் போகவில்லை. போகாததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான், திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். ஒருநாள் அங்கே ஆவிக் குழாய் பிய்த்துக்கொண்டு அடித்ததில் அவருடைய வலது கை தோள்வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் இவள்தான். அந்தக் கை இப்போதும் முழுதாக நீளாது.

"எங்கண்ணன் கையைப் பாத்துப்போட்டும் இதைக் கொளுத்தோணும்ங்கறீங்களே" என்பாள். "பாயிலரு பக்கத்துல நம்ம புள்ளைங்கதானுங்க நிக்கும்?"



ஆயுத பூஜைக்கு மச்சான் வந்தார். கொட்டகைக்குள் நுழைந்ததும் இஞ்சினைச் சுற்றி வந்தார்.

"ஏனுங் மாப்ள, இது ரயிலுங்களா, தண்ணி காய வெக்கற தவலைங்களா?"

"ஏறி உக்காருங்க மச்சான், பழனி வரைக்கும் உட்டுட்டு வாரேன்."

"நானு உக்காந்தா உங்க இஞ்சினு அப்பளமாப் போயிருமுங்க."

சிரித்துக்கொண்டேதான் பேசினார். ஆனால் பாய்லரைத் தொடவில்லை. பட்டறையில் பம்பை எப்படிச் சோதிப்போமோ அப்படியே பாய்லரில் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிக் காட்டினேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வால்வும் சரியான அளவில் திறந்து தண்ணீரை விட்டது. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தங்கையிடம், "நல்லாத்தான் இருக்குது அம்மணி" என்றார். அவள் அரை மனதாகத் தலையாட்டினாள்.

பூஜையன்று ஆயுதங்களுக்கு ஓய்வு. எதையும் ஓட்ட மாட்டோம். ஆகவே நெருப்பு வைப்பது பூஜைக்கு மறுநாள் காலை என்று முடிவானது. பூஜைக்குச் சந்தனப் பவுடரைக் குழைத்துக் கிண்ணத்தில் கொடுத்து, என் மகளிடம் பொட்டு வைக்கும் வேலையை ஒப்படைத்தாள் என் மனைவி. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு.

"ஒண்ணு உடாம வெக்கோணும் கண்ணு" என்றாள்.

மகள் லேத்துக்கு வைத்தாள், சைக்கிளுக்கு வைத்தாள், மொபெட்டுக்கு, மிக்சிக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, அரிவாள்மனைக்கு வைத்தாள். இஞ்சினின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் வைத்தாள். பார்க்க மங்களகரமாக இருந்தது. எல்லோரும் கும்பிட்டோம்.

மறுநாள் இஞ்சினைக் கட்டை மேல் தூக்கி வைத்து, சக்கரம் தரையில் படாமல் நிறுத்தினேன். கொட்டாங்குச்சிக் கரிதான் எரிபொருள். இஸ்திரிக்காரரிடம் கேட்டு வாங்கியது. தீ பிடித்துக்கொண்டது. மச்சான் கதவோரம் நின்றார். பிள்ளைகள் இரண்டு பேரையும் மனைவி தனக்கு முன்னால் நிறுத்தி, தோளைப் பிடித்துக்கொண்டாள். மகன் ரொம்பச் சின்னவன். "கூ சொல்லு, கூ சொல்லு" என்று இஞ்சினுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான்.

அழுத்தம் காட்டும் கேஜில் முள் மெதுவாக ஏறியது. வால்வு திறக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தேன். முள் கோட்டைத் தொட்டது. சீறும் என்று காத்திருந்தேன். சீறவில்லை. முள் கோட்டைத் தாண்டியது.

கேஜ்தான் தப்போ என்று விரலால் தட்டினேன். முள் இன்னும் ஏறியது.

"அக்கட்டால போங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் வெளிய போங்க, வெசையாப் போங்க!"

என் மனைவி அசையவே இல்லை. பிள்ளைகளின் தோளை இறுக்கிப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றாள். மச்சான்தான் பாய்ந்தார். நீளாத அந்தக் கையால் மகனையும், நல்ல கையால் மகளையும் வாரிக்கொண்டு, தங்கையைத் தோளால் இடித்து வெளியே தள்ளினார்.

நான் குறட்டால், கரி எரியும் அடித்தட்டைத் தாங்கிய ஆணியை இழுத்தேன். தணல் மொத்தமும் தரையில் கொட்டியது. ஆவியைச் சிலிண்டருக்கு முழுதாகத் திறந்துவிட்டேன். சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. இத்தனை வருஷம் நான் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான். ஆனால் என் கண் முள்ளின் மேலேயே இருந்தது. அது தயங்கியது, பிறகு இறங்கியது.

வெளியே வந்தபோது மச்சான் தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்து, பழைய காயம் பட்ட கையைத் தண்ணீருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையில் அன்றைக்கு ஒன்றும் படவில்லை. அது அவருக்கும் தெரியும்.

ஆறிய பிறகு வால்வைக் கழற்றினேன். ஊசியால் கிளறியபோது ஓட்டைக்குள்ளிருந்து மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. காய்ந்த சந்தனம். சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது.

என் கையில் அதைப் பார்த்ததும் மகளின் முகம் மாறியது. "அம்மாதானுங்க சொன்னாங்க, ஒண்ணு உடாம வெக்கோணும்னு" என்றாள். அந்த ஓட்டை அவளுடைய விரல் நுனிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அதனால் அங்கே மட்டும் நிறைய அப்பியிருக்கிறாள்.

அவளை யாரும் திட்டவில்லை. மச்சான்கூட, "சாமி நம்மளைத் தொட்டுப் பாத்துப்போட்டு உட்டுருச்சு" என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். ஆனால் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துக் குழந்தைகள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும். அன்றிலிருந்து அவள் எதைத் தொட்டாலும் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். "ரேடியோ போடலாமுங்களாப்பா?" "ஜன்னலைத் திறக்கலாமுங்களாம்மா?" வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் வெடிக்கும் என்று நினைத்தவள் போல இருந்தாள். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டியபோது, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இஞ்சின் அதுவரை சாக்கு மூடிக் கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் இரண்டாவதாக ஒரு வால்வு செய்து அதில் பொருத்தியிருந்தேன். ஆனால் நெருப்பு வைக்க எனக்கே தைரியம் இல்லை. என் மனைவிதான் வந்து சொன்னாள்.

"அதை ஒருக்கா நல்லபடியா ஓட்டிக் காட்டுங்க."

"நீதான வேண்டாம்னே?"

"இப்பவும் பயந்தானுங்க. அதுக்காக இந்தப் புள்ள ஆயுசுக்கும் கையைக் கட்டிட்டு நிக்கோணுமா?"

கொட்டகையில் வேண்டாம் என்று வாசலுக்குத் தூக்கி வந்தேன். இரண்டு வால்வும் தடங்கல் இல்லாமல் எழும்புகிறதா என்று கையால் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுப் பற்றவைத்தேன். மனைவி படியில் நின்றாள். மகள் வெளியே வரவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

முள் கோட்டைத் தொட்டது. உஸ்ஸென்று வெள்ளையாக ஆவி மேலே போனது.

"அப்பா, அது நல்ல சத்தமுங்களா?" என்றாள் ஜன்னலிலிருந்து.

"நல்ல சத்தந்தான் கண்ணு. வராம இருந்தாத்தான் தப்பு."

"நான் வரலாமுங்களா?"

முள்ளைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். அதற்குள் அவளே படி இறங்கி வந்துவிட்டாள். நான் சட்டென்று அவளுக்கும் இஞ்சினுக்கும் குறுக்கே போய் நின்றேன்.

"தள்ளுங்கப்பா, மறைக்குது" என்றாள்.